ஒரு மதியச் சாப்பாட்டுக்கு 4,022 ரூபாய்: வெட்டிச் செலவா?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, மூணு பேர் மதியச் சாப்பாட்டுக்கு 4,022 ரூபாய் கொடுத்தேன். அப்பா, அம்மா, நான். இடம் புதுச்சேரி. மொத்தமே இருபது பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன பிரெஞ்சு ரெஸ்டாரன்ட்.

நம்ம சேனலைத் தொடர்ந்து பார்க்கறவங்களுக்கு இப்பவே சிரிப்பு வந்திருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி இதே ஆள்தான் கால்குலேட்டரைக் கையில வச்சுக்கிட்டு, "மாசம் 4,000 ரூபாய் ஓட்டல்ல விடறீங்களா? அதை எஸ்ஐபி-ல போட்டா 20 வருஷத்துல 40 லட்சம்!"னு கேமரா முன்னாடி கத்தினவன். அந்த வீடியோவை நிறைய பேர் பார்த்தீங்க, ஷேர் பண்ணீங்க. ஆனா அதைப் பத்தி எனக்கு இப்போ ஒரு உறுத்தல் இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ரெஸ்டாரன்ட் பேரைச் சொல்லப் போறதில்லை. இது விளம்பரம் இல்லை. என் காசைக் கொடுத்துத்தான் சாப்பிட்டேன், பில் என்கிட்ட இல்லை. அது யார்கிட்ட இருக்குன்னு கடைசியில சொல்றேன்.

"உங்க வீடியோ பார்த்துதான் சார்…"

என் ஆபீஸ் திருவண்ணாமலையில இருக்கு. பௌர்ணமி வந்தா வெளியூர்ல வேலை பார்க்கற நம்ம ஊர்ப் பசங்க கிரிவலத்துக்கு வருவாங்க. 14 கிலோமீட்டர் நடந்துட்டு, மறுநாள் காலையில கால் வலியோட என் ஆபீஸுக்கு வந்து உட்காருவாங்க. ஐடிஆர் ஃபைல் பண்ணணும், ஃபார்ம் 16 புரியலை, இப்படி ஏதாவது ஒரு வேலை இருக்கும்.

அப்படி வந்த ஒரு தம்பிக்கு 26 வயசு. சென்னையில வேலை, கைக்கு வர்ற சம்பளம் 52,000. காசு எங்க போகுதுன்னே தெரியலைன்னான். கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுக்கச் சொன்னேன். ஒரே மாசத்துல டெலிவரி ஆப்ல 31 ஆர்டர், மொத்தம் 8,370 ரூபாய். சராசரியா ஒரு ஆர்டருக்கு 270 ரூபாய்.

"இந்த 31-ல எந்தச் சாப்பாடு நல்லா இருந்துச்சு?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசிச்சான். "ஞாபகம் இல்ல சார்."

"அப்பா அம்மாவை எங்கேயாவது வெளியில சாப்பிடக் கூட்டிட்டுப் போனியா?"

"இல்ல சார். உங்க அந்த 40 லட்சம் வீடியோ பார்த்ததுல இருந்து பெரிய செலவு எதுவும் பண்றதில்லை."

அவன் அதைப் பெருமையா சொன்னான். எனக்குத்தான் சங்கடமா போச்சு. நான் சொன்னதை அவன் அப்படியே கேட்டிருக்கான். நாலாயிரம் ரூபாய் செலவுன்னா பயப்படறான், 270 ரூபாய் செலவு கண்ணுக்கே தெரியலை. பயப்படச் சொல்லிக்கொடுத்தது நான்.

நான் சொன்ன 40 லட்சத்துல என்ன கோளாறு?

கூட்டல்ல கோளாறு இல்லை. மாசம் 4,000 ரூபாய், வருஷத்துக்கு 12% வருமானம், 20 வருஷம்னா சுமார் 40 லட்சம் வரும். ஆனா அந்த 40 லட்சம் ஒரு சாப்பாட்டோட விலை இல்லை, 240 சாப்பாட்டோட விலை. நான் அதை ஒரு சாப்பாட்டுப் படத்தைக் காட்டிச் சொன்னேன்.

ஒரே ஒரு தடவை 4,000 ரூபாயைச் செலவு பண்ணாம முதலீடு பண்ணா, அதே 12%-ல 20 வருஷம் கழிச்சு சுமார் 38,600 ரூபாய் ஆகும். அதுவும் அன்னிக்கு இருக்கற விலைவாசியில. விலைவாசி வருஷம் 6% ஏறுதுன்னு வச்சுக்கிட்டா, அந்த 38,600-க்கு இன்னிக்கு மதிப்பு 12,000 ரூபாய்தான். 12% வருமானம்ங்கறதுக்கும் யாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலை.

அப்போ உண்மையான கேள்வி "ஒரு சாப்பாடா, 40 லட்சமா?" இல்லை. "27 வயசுல ஒரு சாப்பாடா, 47 வயசுல மூணு சாப்பாடா?" இதுதான் கேள்வி. சில பேருக்கு, சில செலவுக்கு, 47 வயசுல மூணுங்கறதுதான் சரியான பதிலா இருக்கும். அதுல தப்பே இல்லை. ஆனா என் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். எங்க அப்பாவுக்கு இப்போ 67. இருபது வருஷம் கழிச்சு 87. அந்த மூணு சாப்பாட்டை அவரால சாப்பிட முடியுமாங்கறது எந்த எக்செல் ஷீட்லயும் வராது.

"அதெல்லாம் நமக்கில்லடா"

எங்க அப்பா அரசு பஸ் கண்டக்டர். திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம், பாண்டி. இந்த ரூட்ல வருஷக்கணக்கா விசில் அடிச்சவர். பாண்டிக்கு அவர் போன தடவையை எண்ண முடியாது. ஆனா அவர் பார்த்த பாண்டி, பஸ் ஸ்டாண்டும் அதுக்கு எதிர்ல இருந்த டீக்கடையும்தான். இன்வாய்ஸ் எழுதி, கலெக்ஷனை எண்ணி, டீ குடிச்சா அடுத்த ட்ரிப்புக்கு நேரமாயிடும். டூமாஸ் தெரு, சுஃப்ரென் தெரு, ரோமன் ரோலண்ட் தெருவுல இருக்கற மஞ்சள் சுவர் கட்டடங்களை ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி அவர் நடந்து பார்த்ததே இல்லை.

நம்ம ஊர்லயும் இதே கதைதான். ரமணாசிரமம் இருக்கற செங்கம் ரோட்டுப் பக்கம் போனீங்கன்னா காபி ஷாப், பேக்கரி, விறகடுப்பு பீட்சா எல்லாம் இருக்கு. பால் பிரண்டன் ரமணரைப் பத்தி எழுதின புத்தகம் 1934-ல வந்ததுக்கு அப்புறம் வெளிநாட்டுக்காரங்க வரத்து அதிகமாச்சு. அவங்க பின்னாடியே ரொட்டியும் சீஸும் வந்துச்சு. ஆனா இந்த ஊர்லயே பிறந்து வளர்ந்த எங்க அப்பா மாதிரி ஆளுங்க அந்த வாசப்படியை மிதிக்கறது அபூர்வம். கேட்டா ஒரே பதில்தான்: "அதெல்லாம் நமக்கில்லடா."

ஒரு நாள் கேட்டேன். "உள்ள இன்னா விலைன்னு உனக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாது."

"அப்புறம் எப்படி நமக்கில்லன்னு சொல்ற?"

அப்பா பதில் சொல்லலை. ஆனா இந்தக் கேள்வி அவர்கிட்ட இருந்து நான் கத்துக்கிட்டதுதான். சின்ன வயசுல எங்க போனாலும் என்கிட்ட சொல்வார்: "சார்ஜ் கேட்டுட்டு ஏறு. ஏறினப்புறம் கேக்காத." டிக்கெட் விலை தெரியாம ஏறி, பாதி வழியில இறங்கச் சொன்னா தலையைக் குனிஞ்சுக்கிட்டு இறங்கின ஜனங்களைத் தினமும் பார்த்தவர் அவர்.

இதை நான் இப்போ உங்களுக்கும் சொல்றேன். விலை கேட்காம "நமக்கில்ல"ன்னு ஒதுங்கறவங்க ஒரு பக்கம். விலை கேட்காம, ரீல்ஸ்ல போடணும், டீம்ல எல்லாரும் போறாங்கன்னு உள்ள நுழைஞ்சு கார்டைத் தேய்க்கறவங்க இன்னொரு பக்கம். பார்க்க ரெண்டும் எதிரெதிரா தெரியும். ஆனா ரெண்டு பேரும் பண்ற தப்பு ஒண்ணுதான்: சார்ஜ் கேட்கலை.

கரும்பலகையில ஆறே ஐட்டம்

அதனால நான் முதல்ல சார்ஜ் கேட்டேன். போன் பண்ணி, அன்னிக்கு என்ன சமைக்கறாங்க, விலை என்ன, டாக்ஸ் தனியா, சர்வீஸ் சார்ஜ் உண்டா, எல்லாம் விசாரிச்சேன். அவங்க ஒண்ணும் தப்பா நினைக்கலை. பொறுமையா சொன்னாங்க. மூணு பேருக்கு நாலாயிரத்துச் சில்லறை ஆகும்னு கணக்குப் போட்டு, அந்தப் பணத்தைத் தனியா எடுத்து வச்சுக்கிட்டுத்தான் பஸ் ஏறினோம்.

ரெஸ்டாரன்ட் வெள்ளைக்காரங்க தெருவுல இல்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தமிழர் குடியிருப்புல, வீடுகளுக்கு நடுவுல ஒரு பழைய திண்ணை வீடு. பக்கத்து வீட்டு வாசல்ல கோலம். மெனு கார்டு கிடையாது. ஒரு கரும்பலகையில சாக்பீஸ்ல ஆறு ஐட்டம். மீன் மார்க்கெட்ல காலையில என்ன கிடைச்சுதோ அதை வச்சு அன்னன்னிக்கு மாத்துவாங்களாம். சமைக்கறவர் முப்பது வயசுத் தமிழர், பாண்டிச்சேரிக்காரர். பாரிஸ்ல சமையல்கட்டுல வேலை பார்த்துட்டு ஊருக்கே திரும்பி வந்தவர்.

நாங்க வாங்கினது இதுதான். பூசணிக்காய் சூப் 320. வெண்ணெய் தடவின ரொட்டி மேல புகை போட்ட மத்தி மீன் 420. கொடுவா மீன் 780. கோழி 690. வாடை அடிக்கற நீலப் பூஞ்சை சீஸ் வச்ச ஒரு காய்கறி டார்ட் 520. கருப்பட்டி கேரமல் புட்டிங் ரெண்டு, 680. லைம் சோடா மூணு, 420.

மத்தி மீனைப் பார்த்ததும் அப்பா, "இது இன்னாடா, மத்திய மேஜை மேல வச்சுட்டாங்க"ன்னார். சாப்பிட்டுப் பார்த்துட்டு, இன்னொரு துண்டு எடுத்துக்கிட்டார். சீஸ் டார்ட் மட்டும் ஒரு வாய்க்கு மேல போகலை. "கெட்டுப்போச்சாடா இது?"ன்னு காதுல கேட்டார். அம்மா ரெண்டு வாய் தள்ளினாங்க. மீதி நான்.

இது ஒரு சின்னப் பாடம்னு எனக்குப் பட்டது. தெரியாத சாப்பாட்டை வாங்கறதும் ரிஸ்க்தான். ஆனா எங்களுக்கு அதிகபட்ச நஷ்டம் 520 ரூபாய்னு முன்னாடியே தெரியும். மூணு பெரிய தட்டுல ரெண்டு தட்டு நிச்சயம் பிடிக்கும்னு தெரிஞ்சது, ஒண்ணு சோதனை. ஷேர் மார்க்கெட்ல உங்ககிட்ட நான் மாசாமாசம் சொல்றதும் இதுதானே? புதுசா ஒண்ணு முயற்சி பண்ணுங்க, ஆனா போனாலும் தூக்கம் கெடாத அளவுக்குப் போடுங்க.

கொடுவா மீன் வந்தப்போதான் விஷயமே நடந்துச்சு. வெண்ணெய் சாஸ், அதுல ஏதோ ஒரு தாளிப்பு. தட்டு மேஜைக்கு வர்றதுக்கு முன்னாடியே அம்மா நிமிர்ந்து பார்த்தாங்க.

"இது நம்ம வடகம்."

சமைச்சவரே வெளியில வந்து சொன்னார், வடகமேதான். பங்குனி, சித்திரை வெயில்ல சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை எல்லாம் கலந்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைஞ்சு, உருட்டி மொட்டைமாடியில காயவைப்பாங்களே, அதே தாளிப்பு வடகம். பாண்டிச்சேரி வழியா பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போய், அவங்க ஊர்ல அதுக்கு "வடுவான்"னு பேர். வெளிநாட்டுப் பெரிய சமையல்காரங்க அதை மீனுக்கும் ஆட்டுக்கறிக்கும் போடறாங்க.

அம்மாவுக்கு ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் தாங்கலை. அவர் உள்ள போனதும் என்கிட்ட திரும்பி, "நம்ம வீட்டு வடகத்துக்கா 780 ரூபாய்?"ன்னு கேட்டாங்க.

நியாயமான கேள்வி. பதில் சொல்றது என் தொழில்.

780 ரூபாய் எங்க போகுது?

சின்ன ரெஸ்டாரன்ட் கணக்கு எழுதறவன்ங்கற முறையில ஒரு பொதுவான அளவு சொல்றேன். நீங்க கொடுக்கற 100 ரூபாயில சரக்குச் செலவு 30-ல இருந்து 35. சம்பளம் 20-ல இருந்து 25. வாடகை 10-ல இருந்து 15. கேஸ், கரண்ட், உடையற தட்டு, வீணாப்போற மீன், ரிப்பேர் எல்லாம் சேர்த்து இன்னொரு 15. எல்லாம் நல்லபடியா நடந்தா முதலாளிக்கு 10, 15 நிக்கும். கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமைகளைச் சேர்த்துப் பார்த்தா அதுவும் குறையும்.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. 5% ஜிஎஸ்டி வசூலிக்கற ரெஸ்டாரன்ட்டுக்கு இன்புட் டாக்ஸ் கிரெடிட் கிடையாது. அவங்க வாடகைக்கும், அடுப்புக்கும், ஃப்ரிட்ஜுக்கும் கட்டின ஜிஎஸ்டி திரும்பி வராது. அது அவங்க செலவாத்தான் போகும். கடைசியில அது உங்க தட்டு விலையிலதான் வந்து உட்காரும்.

இதைவிட முக்கியமானது நாற்காலி. நம்ம ஊர் டிஃபன் கடையில ஒருத்தர் இருபது நிமிஷத்துல சாப்பிட்டு எழுந்துடுவார். ரெண்டு மணி நேரத்துல அந்த ஒரு நாற்காலியில ஆறு பேர் உட்கார்ந்து எழுந்திருப்பாங்க. தலைக்கு 80 ரூபாய்னா, அந்த நாற்காலி 480 ரூபாய் சம்பாதிக்கும். நாங்க மூணு பேரும் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், யாரும் எழுப்பலை. தலைக்கு 1,340 ரூபாய். தட்டை மட்டும் பார்த்தா பதினாறு மடங்கு விலை. நாற்காலி கணக்குல பார்த்தா மூணு மடங்குகூட இல்லை.

அம்மாவுக்கு இதை இப்படிச் சொன்னேன்: "வடகத்துக்கு இல்லம்மா. நாம ரெண்டு மணி நேரம் பேசிக்கிட்டு இருந்ததுக்கும் சேர்த்து."

யோசிச்சுப் பார்த்தா, நாங்க மூணு பேரும் போன் பார்க்காம, டிவி ஓடாம, ரெண்டு மணி நேரம் எதிரெதிரா உட்கார்ந்து எவ்வளவு நாளாச்சுன்னு எனக்கே ஞாபகம் இல்லை. செஞ்சி பக்கத்துல ஒரு மழைநாள் ராத்திரி பஸ் நின்னுபோய், பிரசவ வலியில இருந்த ஒரு பொண்ணை லாரியில ஏத்திவிட்ட கதையை அப்பா அன்னிக்குத்தான் சொன்னார். முப்பத்தஞ்சு வருஷமா அவர் பையனா இருக்கேன், அதுவரைக்கும் நான் கேட்டதே இல்லை.

பாரிஸ்ல ஒருத்தர் பண்ணின கணக்கு

"சின்ன இடம், தைரியமான சமையல்" அப்படிங்கற இந்த மாடலே ஒரு செலவுக் கணக்குல இருந்து பிறந்ததுதான். 1992-ல ஈவ் காம்டபோர்ட்னு ஒரு சமையல்காரர், கிரியோன்ங்கற ஆடம்பர ஓட்டல் சமையல்கட்டுல இருந்து வெளியில வந்து, பாரிஸோட 14-வது வட்டாரத்துல 'லா ரெகலாட்'னு சின்னதா ஒரு கடை போட்டார். டூரிஸ்ட் கூட்டம் அலைமோதற ஏரியா இல்லை, சாதாரணக் குடியிருப்புப் பகுதி. ஆடம்பரத்தை வெட்டினார். சமையலை வெட்டலை. பெரிய ஓட்டல் கைப்பக்குவம், அக்கம்பக்கத்துக்காரங்களுக்குக் கட்டுப்படியாகற விலை. பின்னாடி 2004-ல ஒரு பத்திரிகையாளர் இந்த மாதிரி சமையலுக்கு "பிஸ்ட்ரோனமி"ன்னு பேரே வச்சார்.

உங்க பட்ஜெட்டுக்கும் இதே கத்தரிக்கோல்தான் வேணும். எதை வெட்டினா உங்களுக்கே தெரியாதோ, அதை வெட்டுங்க. அந்தத் தம்பிக்கு 31 ஆர்டரும் ஞாபகம் இல்லை. அதுல 15-ஐ வெட்டியிருந்தா அவனுக்கு வித்தியாசமே தெரிஞ்சிருக்காது, ஆனா மாசம் 4,050 ரூபாய் மிச்சம். எதை வெட்டினா வருஷக்கணக்கா மனசுல நிக்குமோ, அதுல கை வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க.

பில்லைப் படிச்சுட்டுக் காசு கொடுங்க

பில் வந்ததும் நான் எடுக்கறதுக்குள்ள அப்பா எடுத்துட்டார். கண்டக்டர் கண்ணு. நான் கண்ணாடியைத் தேடறதுக்குள்ள, "மூவாயிரத்து எண்ணூத்தி முப்பது, சரியா இருக்கு"ன்னார். அதுக்கு மேல சிஜிஎஸ்டி 95.75, எஸ்ஜிஎஸ்டி 95.75. மொத்தம் 4,021.50, ரவுண்ட் பண்ணி 4,022.

நீங்களும் இந்த நாலு விஷயத்தைப் பாருங்க:

1. தனியா இருக்கற ரெஸ்டாரன்ட்ல ஜிஎஸ்டி 5%தான், பாதி மத்திக்கு, பாதி மாநிலத்துக்கு. புதுச்சேரி யூனியன் பிரதேசமா இருந்தாலும் சட்டசபை இருக்கறதால பில்லுல எஸ்ஜிஎஸ்டின்னுதான் வரும். நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல போற ரூம் இருக்கற பெரிய ஓட்டலுக்குள்ள சாப்பிட்டா 18% வரலாம். உள்ள போறதுக்கு முன்னாடி கேளுங்க.

2. காம்போசிஷன் ஸ்கீம்ல இருக்கற சின்னக் கடைங்க உங்ககிட்ட ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. பில்லுல "காம்போசிஷன்"னு போட்டுட்டு அடியில டாக்ஸும் போட்டிருந்தா, தைரியமா கேளுங்க.

3. சர்வீஸ் சார்ஜ் டாக்ஸ் இல்லை. கேட்காமலே அதை பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டுச்சு. 2025 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும்னு சொல்லிடுச்சு. ஓட்டல் சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்காங்க. டிப்ஸ் உங்க விருப்பம். நல்லா கவனிச்சா கொடுங்க, கையில கொடுங்க.

4. ஒயின், பீர் வாங்கினா அதுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வாட் மட்டும்தான். மொத்த பில்லுக்கும் சேர்த்து ஜிஎஸ்டி போட்டிருக்காங்களான்னு பாருங்க.

பிரான்ஸ்ல இந்தத் தலைவலியே இல்லை. வாசல்லயே மெனுவும் விலையும் மாட்டி வைக்கணும். அந்த விலைக்குள்ளயே வரியும் சர்வீஸும் அடக்கம். அதாவது, சார்ஜ் கேட்டுட்டு ஏறுங்கறதை அங்க சட்டமாவே போட்டு வச்சிருக்காங்க.

யார் போகக்கூடாது?

இதைப் படிச்சுட்டு எல்லாரும் அடுத்த வாரமே பாண்டிக்குக் கிளம்பாதீங்க. கிரெடிட் கார்டுல பழைய பாக்கி இருந்தா போகாதீங்க. மாசம் 3.5% வட்டின்னா வருஷத்துக்கு 42%. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி. சேர்த்தா கிட்டத்தட்ட 50%. அந்தப் பாக்கியை வச்சுக்கிட்டு 4,000 ரூபாய்க்குச் சாப்பிட்டா, அது கடன் வாங்கி போட்ட விருந்து. அதே மாதிரி மூணு மாசச் செலவுக்குக் கையில காசு இல்லைன்னாலோ, அப்பா அம்மாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்கலைன்னாலோ, அதை முதல்ல முடிங்க. ரெஸ்டாரன்ட் அங்கேயேதான் இருக்கும்.

அதெல்லாம் முடிஞ்சவங்களுக்கு என் யோசனை ரொம்பச் சின்னது. மாசம் 700 ரூபாயைத் தனி அக்கவுண்ட்ல போடுங்க. ஆறு மாசத்துல 4,200. அதுக்கு ஒரு பேர் வைங்க, "அம்மா அப்பா சாப்பாடு"ன்னு கூட வைங்க. பேர் வச்ச பணத்தை வேற செலவுக்கு எடுக்கக் கை கூசும். பணம் சேர்ந்ததும் போங்க. யூபிஐ-லயோ டெபிட் கார்டுலயோ கொடுங்க. இஎம்ஐ ஆப்ஷன் வந்தா அதைத் தொடாதீங்க. செரிச்சுப்போன சாப்பாட்டுக்கு ஆறு மாசம் தவணை கட்டாதீங்க.

பிரெஞ்சுதான் சாப்பிடணும்னு இல்லை. உங்க அப்பாவுக்கு அது மதுரை பன் பரோட்டாவா இருக்கலாம், செட்டிநாட்டு விருந்தா இருக்கலாம், கடல் பார்த்த ஒரு காபியா இருக்கலாம். அவங்க "நமக்கில்ல"ன்னு விலை கேட்காமலே ஒதுக்கின ஒண்ணு கண்டிப்பா இருக்கும். அது என்னன்னு கண்டுபிடிச்சு, சார்ஜ் கேளுங்க. கேட்டுட்டு, முடியாதுன்னா முடியாதுன்னு தெளிவா விடுங்க. முடியும்னா கூட்டிட்டுப் போங்க.

ஒண்ணே ஒண்ணு, என் பழைய வீடியோவை நான் நீக்கப் போறதில்லை. அதுல இருக்கற எஸ்ஐபி கணக்கு இன்னமும் உங்களுக்கு வேணும். ஆனா முதல் கமெண்ட்டா இந்தப் பதிவோட லிங்கை பின் பண்ணி வச்சிருக்கேன்.

இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. போன மாச ஸ்டேட்மென்ட்டை எடுத்து, சாப்பாட்டுக்குக் கொடுத்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல, அந்தச் சாப்பாடு ஞாபகம் இருந்தா டிக் போடுங்க. டிக் இல்லாத வரியை எல்லாம் கூட்டுங்க. அந்தத் தொகையைக் கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோ அதை வச்சுத்தான்.

ஆங், அந்த பில். அதை அப்பா நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டார். இப்போ அவரோட பழைய டிரைவர், கண்டக்டர் செட்டு கூடற டீக்கடையில அது சுத்திக்கிட்டு இருக்கு. போன வாரம் என்கிட்ட சொன்னார்: "அடுத்த தபா போனா, அந்த நாத்தம் புடிச்ச சீஸு மட்டும் வேணாம்டா."

அடுத்த தடவைக்கு 700 ரூபாய் போட ஆரம்பிச்சுட்டேன்.